அரங்கேற்றமும் ஆய்வரங்கும்

ஒருவர் நூலொன்றை எழுதி முடித்துவிட்டார் என்பதனாலே அது நூலாகிவிடாது. அறிஞர் அவையிலே அதனை வைத்து, அவர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி, அவர் ‘நன்று’ என்று தலையசைத்த பின்னரே அது நூலெனப் பெயர்பெறும். தமிழ்மக்கள் நெடுங்காலம் போற்றிவந்த இம்மரபுக்கு அரங்கேற்றம் என்று பெயர். இன்று அச்சொல் பெரும்பாலும் பரதம் பயின்ற சிறுமியரின் முதலாட்டத்துக்கே உரியதாகச் சுருங்கிவிட்டது. நூலுக்கு இன்று நிகழ்வது வெளியீட்டு விழா. அங்கே பொன்னாடை உண்டு; வாழ்த்துரை உண்டு; முதற்பிரதி பெறுதல் உண்டு; வினா ஒன்றுதான் இல்லை. அவ்வாறாயின் வினாவோடு கூடிய பழைய அரங்கேற்றம் நம்மிடையே அற்றே போயிற்றா? இல்லை. அது வேற்றுருக்கொண்டு வேறோரிடத்தில் வாழ்கின்றது. நம் பல்கலைக்கழகங்களிலே ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஆராய்ச்சிகளை வெளிப்படுத்தும் ஆய்வு மகாநாடுகளையே ஈண்டுக் கருதுகின்றேன்.

அவையின் கடன்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தே, அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென்று பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அதற்கு நச்சினார்க்கினியர் உரைக்கும் வரலாறு சுவைமிக்கது. தொல்காப்பியர்மேற் சினங்கொண்ட அகத்தியர், அவர் செய்த நூலைக் கேளாதொழிக என்று அதங்கோட்டாசானுக்குக் கட்டளையிட்டாராம். தொல்காப்பியரோ கேட்டேயாக வேண்டுமென்று நின்றாராம். இருவருக்கும் இடையில் அகப்பட்ட ஆசான், நூலையும் கேட்பது, கேட்டவற்றுக்கெல்லாம் குற்றமும் கூறுவது என்று ஒரு வழி கண்டார். குற்றங் கூறுதற்கென்றே அமர்ந்த அவர் எழுப்பிய கடாக்கள் அனைத்துக்கும் தொல்காப்பியர் விடை இறுத்தார். இக்கதை நிகழ்ந்ததோ புனைந்ததோ, அதனை நம்மவர் பேணிவைத்த காரணம் ஒன்றுண்டு. ஒரு நூலின் பெருமைக்கு அவர்கள் கண்ட அளவுகோல், அதனைப் புகழ்ந்தோர் தொகையன்று. அது தாங்கிநின்ற கடாக்களே.

கந்தபுராணத்தைப் பற்றிய ஐதிகம் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இன்னும் அணுக்கமானது. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியர் காப்புச் செய்யுளைத் தொடங்கியவுடனேயே அவையிலிருந்த ஒருவர் எழுந்து, முதலில் வந்த சொற்புணர்ச்சிக்கு விதி யாதெனக் கேட்டுத் தடுத்தார். அரங்கேற்றம் அத்தோடு நின்றது. மறுநாட் சோழநாட்டுப் புலவரொருவர் வந்து, வீரசோழியம் என்னும் இலக்கணத்தை விரித்து, அதிலுள்ள விதியைக் காட்டித் தடையை நீக்கினார். வந்தவர் முருகப்பெருமானே என்பது அடியார் நம்பிக்கை.

இதில் எண்ணிப் பார்க்கவேண்டியவை இரண்டு. முருகன் அடியெடுத்துக் கொடுத்ததென்று போற்றப்படும் பாட்டுக்கும் அந்த அவை விலக்களிக்கவில்லை. முருகனும் ‘யானே சொன்னேன்’ என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நூலைக் கையிற் கொண்டு வந்தான். இஃது ஒன்று. மற்றது, அவன் கொண்டுவந்த வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டிலே புத்தமித்திரனார் என்னும் பௌத்தர் இயற்றிய இலக்கணம். சைவபுராணமொன்றுக்குப் பௌத்தர் நூல் மேற்கோளாயிற்று. சான்று யார் வீட்டிலிருந்து வந்ததென்று அவை ஆராயவில்லை. அது சான்றாகுமா என்றே ஆராய்ந்தது. ஆராய்ச்சி என்பதன் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

பதினைந்து நிமிட அரங்கு

இனி இக்கால அரங்கை நோக்குவோம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதனைச் சர்வகலாசாலை என்று வழங்கினோம். 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகமொன்று அமைந்தது. பின்னர் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. பேராதனையில் ஆய்வமர்வுகள் நிகழ்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 2012இல் தன் சர்வதேச ஆய்வு மகாநாட்டைத் தொடங்கிற்று. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஆய்வரங்குகளை நடத்திவருகின்றது.

இவற்றின் நடைமுறையை வெளியிலுள்ளோர் பலர் அறியார். மகாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்னரே அறிவித்தல் வெளிவரும். ஆய்வாளர் தம் ஆய்வின் நோக்கம், முறை, முடிபு ஆகியவற்றை ஓரிரு பக்கத்தில் அடக்கிச் சுருக்கம் அனுப்புவர். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு அச்சுருக்கத்தைத் துறையறிந்த வேறு சிலரிடம் மதிப்பீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். பேராசிரியர் எழுதியதோ மாணவர் எழுதியதோ என்று அறியாமலே அவர்கள் குறை நிறை கூறுவர். தேறியவை அரங்குக்கு வரும். ஒரே நேரத்திற் பல மண்டபங்களிற் பல துறைகள் நடைபெறும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பத்து நிமிடம், மிஞ்சினாற் பதினைந்து நிமிடம். அதன்பின் வினாவுக்குச் சில நிமிடங்கள். தலைவர் மேசைமணியை ஒலித்தால் அடுத்தவர் எழவேண்டும்.

இதனால் விளையும் நன்மை பெரிது. சிறப்புக்கலை பயிலும் மாணவர் இறுதியாண்டில் ஆய்வேடு ஒன்று எழுதுவர். ஓராண்டு முழுதும் ஊரூராக அலைந்து தேடியவை அதில் அடங்கியிருக்கும். புள்ளி வழங்கப்பட்டதும் அது நூலக அலுமாரிக்குச் செல்லும். பின்னர் அதனைத் திறப்போர் பெரும்பாலும் கறையான்களே. அலுமாரிக்குள் உறங்க இருந்ததை எழுப்பி அவையில் நிறுத்துவது ஆய்வு மகாநாடு. இருபத்து மூன்று வயது மாணவியொருத்தி கூறுவதை நரைத்த தலையினர் எழுவர் எண்மர் குறிப்பெடுத்துக் கேட்கும் காட்சியை நம் சமுதாயத்தில் வேறெங்கே காணலாம்?

அண்மையில் நம் நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் நடந்த அத்தகைய மகாநாட்டுக்கு யானும் சென்றிருந்தேன். என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்ற மாணவனொருவன் தன் ஊர்க் காணிப்பெயர்களை ஆராய்ந்து கட்டுரை படித்தான். பழைய உறுதிகளைத் திரட்டி, கலட்டி, தாழ்வு, வெளி, புலம் என முடியும் பெயர்களை வகைப்படுத்தி, நிலத்தின் இயல்புக்கும் பெயருக்கும் உள்ள இயைபை அழகாகக் காட்டினான். கல்லாங்காணி கலட்டி; நீர் தேங்கும் பள்ளம் தாழ்வு. கேட்கக் கேட்க இன்பமாயிருந்தது. முடிந்ததும் முதிய பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

“தம்பி, உறுதியிலை இருக்கிறது நொத்தாரிசு எழுதின பேர். அந்தக் காணிக்கை நிண்டு தோட்டஞ் செய்யிறவை அதை எப்பிடிச் சொல்லுகினம் எண்டு கேட்டனீரோ?”

அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “இல்லை ஐயா, கேக்கேல்லை. கேட்டாச் சில பேர் மாறி வரலாம். நான் திரும்பப் போய்க் கேக்கிறன்” என்றான். பேராசிரியர் புன்னகையோடு அமர்ந்தார். எழுதப்பட்ட வடிவமும் பேசப்படும் வடிவமும் வேறுபடுமிடத்தில் ஒரு பெயரின் வரலாறே ஒளிந்திருக்கலாம். அந்த மாணவனின் அடுத்த இரண்டாண்டு வேலை அந்த ஒரு நிமிடத்திற் பிறந்தது. அவன் மேசையிற் பெற்றுச் சென்ற சான்றிதழை அவன் வீட்டார் கண்ணாடியிட்டு மாட்டுவர். உண்மையில் அவன் அன்று பெற்றது அந்த வினாவையே.

மருத்துவிச்சி கேட்ட வினா

அடுத்த மண்டபத்தில் விஞ்ஞானப்பகுதி நடந்துகொண்டிருந்தது. வலிகாமத்துக் கிணற்றுநீரில் நைத்திரேற்றுச் செறிவைப் பற்றி ஒரு மாணவி ஆங்கிலத்திற் பேசினாள். பொருள் நம்மனைவர் உயிரோடும் தொடர்புடையது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்காலத்து ஆறே. பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறைக்குள் இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அதனையே குடிக்கின்றோம், அதனையே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கின்றோம். வயலுக்கிடும் பசளையும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலசலகூடக் குழியும் அதே பாறை வெடிப்புகள் வழியே அதே நீரிற் கலக்கின்றன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது மிகுந்துள்ளதென்பதை 1980கள் தொடக்கம் ஆய்வாளர் கூறிவருகின்றனர். இதனால் மிகுதியும் இடர்ப்படக்கூடியவர் புட்டிப்பால் அருந்தும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள். குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, அவர்கள் மேனி நீலம் பாரிக்கும்.

மாணவி திறம்படப் பேசினாள். புள்ளிவிபரம் கணித்த முறைபற்றி ஒருவர் ஆங்கிலத்தில் வினவினார். அவளும் தக்க விடை கூறினாள். தலைவர் மணியைத் தொடப்போகும் வேளையிற் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். இளைப்பாறிய மருத்துவிச்சி, தம் வளவுக் கிணற்றிலும் நீர் எடுத்திருந்தபடியால் மாணவி அவரை அழைத்திருந்தாளாம்.

“பிள்ளை, எனக்கு இங்கிலீசு வடிவாய் விளங்கேல்லை. நாங்கள் தாய்மாருக்குக் கொதிச்சாறின தண்ணியிலைதான் பால்மாக் கரைக்கச் சொல்லுறனாங்கள். கொதிக்க வைச்சா இதுவும் போயிடுந்தானே?”

“இல்லை அம்மா. கொதிக்க வைச்சாக் கிருமிதான் சாகும். நைத்திரேற்றுப் போகாது. தண்ணி வத்த வத்த அது இன்னுங் கூடும்.”

மண்டபம் ஒருகணம் அமைதியாயிற்று. அந்த மாணவியின் சுருக்கத்தில் இவ்விடை இல்லை. இரசாயனம் கற்றோர் எவருக்கும் இது தெரிந்த செய்தியாகையால் எழுதவேண்டியதென்று எவருக்கும் தோன்றவில்லை. ஆனால் நீரைக் கொதிக்கவைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றெண்ணியிருக்கும் ஆயிரம் தாய்மாருக்கு அந்த மண்டபத்திற் பேசப்பட்டவற்றுள் இதனினும் வேண்டிய செய்தி பிறிதில்லை. அந்த அம்மையார் வாராதிருந்தால், அல்லது வந்தும் நாணி வாளாவிருந்தால், அது வெளிப்பட்டிராது. தலைவர் மணியை அடித்திருந்தாலும் வெளிப்பட்டிராது. ஒருவர் அறிவதற்கும் மற்றவர்க்கு வேண்டுவதற்கும் இடையிலுள்ள இடைவெளி வினாவினாலேயே புலப்படுகின்றது. அவையின் பயன் இதுவே.

மொழித் தடை

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் ஆய்வு செய்தலை யான் பழிக்கவில்லை. உலகத்தார் கேட்கவேண்டுமாயின் உலகத்தாருக்கு விளங்கும் மொழியிற் பேசத்தான் வேண்டும். ஆனால் இலீற்றரும் நைத்திரேற்றும் தமிழில் அடங்கா என்று எவரேனும் கூறின் அது உண்மையன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கெனத் தமிழில் நூல்களும் கலைச்சொற்களும் ஆக்குவித்தார். பிற்காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஐதரசன், ஒட்சிசன், நைத்திரசன் என்பன நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சொற்கள். உயர்தர வகுப்பு வரை விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்ற அம்மாணவி, பல்கலைக்கழகத்துள் நுழைந்த பின்னரே ஆங்கிலத்துக்கு மாறியவள். ஆதலின் அம்மையாருக்கு விடைகூற அவளுக்குச் சொற்பஞ்சம் ஏற்படவில்லை. சொல் இருந்தது, சொல்லும் இடந்தான் ஒதுக்கப்படவில்லை.

நம் மண்ணையும் நம் மக்களையும் பற்றிய ஆய்வு எந்த மொழியில் எழுதப்பட்டாலும், அதன் சாரத்தை ஒரு பக்கத் தமிழில் உடன் தருவது மகாநாட்டின் விதியாதல் வேண்டும். கிணற்றைக் காட்டியவர், உறுதியைத் தந்தவர், ஒப்பாரியைப் பாடிக் காட்டியவர் ஆகியோருக்கு அது நாம் இறுக்கவேண்டிய கடன்.

யாழ் நூல் காட்டிய வழி

இதற்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர். இரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியமையால், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழை அவரால் இலக்கியச் சான்றும் கணிதமும் கொண்டு மீட்டெடுக்க முடிந்தது. அவ்வாராய்ச்சியை அவர் அறிஞர் சிலரின் மேசையோடு நிறுத்தவில்லை. 1947ஆம் ஆண்டு யூன் மாதம், தமிழ்நாட்டிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் இரண்டு நாள் அரங்கேறிற்று. கணக்கிட்டு அமைத்த யாழ்கள் அங்கே மீட்டப்பெற்றன. நரம்பின் நீளத்தை எண்ணாற் சொல்லி நிறுவியவர், அந்த எண் சரியோ என்பதைச் செவி தீர்க்கட்டும் என்று அவைக்கு விட்டார். புலவர் நூலைச் சோதித்தனர்; இசைவாணர் சுருதியைச் சோதித்தனர். அடுத்த மாதம் அடிகளார் மறைந்தார். பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சி பழைய முறைப்படி அரங்கேறியதற்கு இதனினும் சிறந்த சான்று யான் அறியேன்.

1960களிற் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்ததும் இத்தகையதே. நாட்டுக்கூத்தை ஏட்டில் ஆராய்ந்ததோடமையாது, மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்து மாணவருக்குப் பயிற்றுவித்து, கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றினார். ஊரிலிருந்து பெற்றது ஊரார் காணத் திரும்பிற்று. அண்ணாவியார் தகவல் கூறுபவராக அன்று, ஆசானாகவே பல்கலைக்கழகத்துள் நுழைந்தார். ஆய்வுக்கும் ஊருக்கும் உள்ள உறவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இஃது ஓர் இலக்கணம்.

வேண்டுவன

இத்தகைய மரபு வழிவந்த நம் மகாநாடுகளிற் சில குறைகள் புகுந்துள்ளன என்பதையும் மறைத்தலாகாது. கட்டுரைத் தொகையைப் பெருக்குவதே சிறப்பென்று எண்ணி, ஒரு மணித்தியாலத்துள் ஆறேழு பேரை அடைக்கின்றனர். நேரம் போதாதபோது முதலில் வெட்டுண்பது வினாவே. தம் கட்டுரையைப் படித்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு புறப்படுவோர் பலர். ஆறு பேர் படிக்கும் அரங்கில் ஆறாமவர் எழும்போது எஞ்சியிருப்போர் தலைவரும் அவருடைய மேசைமணியுமே. பதவியுயர்வுக்குப் புள்ளி சேர்க்கும் வழியாகவும் மகாநாட்டைக் கருதுவோர் உளர். திரையில் உள்ளதைத் திரும்பிநின்று வாசிப்பவரையும் கண்டேன். வினாவுக்கு அஞ்சுவோருக்கு இவையெல்லாம் வாய்ப்பானவை. அதங்கோட்டாசான் எழுந்து சென்றபின் தொல்காப்பியம் அரங்கேறியதாகக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

ஆதலின், கட்டுரைகளைப் பாதியாகக் குறைத்தேனும் வினாவின் நேரத்தை இருமடங்காக்குக என்பதே மகாநாடு நடத்துவோருக்கு யான் முதலிற் கூறுவது. தரவு தந்த ஊரவருக்கு அரங்கில் ஓர் ஆசனமும் தமிழில் வினவ உரிமையும் அளிக்க. நூலகத்து அலுமாரிக்குப் போகும் ஆய்வேட்டின் சுருக்கமொன்று அவ்வூர் வாசிகசாலைக்கும் போகட்டும்.

என்போன்ற பாடசாலை ஆசிரியருக்கும் ஒரு கடன் உண்டு. உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கோயிற்றிருவிழாவுக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் அழைத்துச் செல்கின்றோம். ஆண்டுக்கொருமுறை ஆய்வு மகாநாட்டின் பின்வரிசையிலும் கொண்டுபோய் இருத்துவோமாக. சொல்வதெல்லாம் அவர்களுக்கு விளங்கவேண்டியதில்லை. தம்மினும் ஐந்தாறு வயது மூத்த ஒருவர் அவை நடுவே நின்று, ‘அதனை யான் கேட்கவில்லை, இனிக் கேட்பேன்’ என்று நாணமின்றிச் சொல்வதை அவர்கள் ஒருமுறை கண்டாற் போதும். மனனஞ் செய்து ஒப்புவிப்பதே கல்வியென்று பன்னிரண்டு ஆண்டுகள் நாம் பழக்கிய பழக்கம் அங்கே சற்று ஆட்டங்காணும். அது நம்மவருக்கு மிக வேண்டியதொன்று.

தமிழ் உரையாசிரியர்கள் தமக்குத்தாமே தடையெழுப்பி விடைகூறி எழுதியவர்கள். எதிரே எவரும் இல்லாதவிடத்தும் வினாவை அவர்கள் விட்டாரில்லை. அவர்தம் வழிவந்தோராகிய நாம், எதிரே அவையொன்று அமர்ந்திருக்கவும் வினாவைச் சுருக்குவது முறையன்று. அடுத்த மகாநாட்டின் அறிவித்தல் வெளிவரும்போது, அயலிலுள்ள கமக்காரரும் கடற்றொழிலாளரும் தாய்மாரும் ஆசிரியரும் அதன் வாயிலை நாடுவாராக. வாயில் திறந்தே இருக்கின்றது. கேட்கவேண்டியதை எழுந்து கேட்போமாக.